ஜப்பான் வேனை ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2024

அண்ணா, சென்ற மாதம் ஊட்டியில் வெளிநாட்டுப் பதிவெண்ணுடன் ஒரு மாஸ்டா பாங்கோ வேனைப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் கூரை தானாக உயர்ந்தது. மேலே இரண்டு குழந்தைகள் ஏறிப் படுத்துக்கொண்டார்கள். ஸ்டியரிங் நம் வண்டிகளைப் போலவே வலப்பக்கம் இருக்கிறது. ஜப்பானில் பழைய வேன்கள் மிக மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். பெருந்துறையில் நிறுத்த இடம் இருக்கிறது. வீட்டில் எட்டுப் பேர் இருக்கிறோம். ஒன்றை இறக்கிக்கொள்ளலாமா? நீங்கள் இங்கிலாந்தில் இதே வண்டியை வைத்திருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள்.

3 மார்ச் 2024, இரவு

முடியாது. நம் நாட்டுக்குள் பழைய கார் ஒன்றைக் கொண்டுவர வேண்டுமானால், அது உற்பத்தியாகி 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இன்னும் 5 ஆண்டுகளாவது சாலையில் ஓடத் தகுதியுள்ளது என்று சான்று வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். நீங்கள் பார்த்த பாங்கோ ஃபிரெண்டி 1995இல் விற்பனைக்கு வந்து 2005இல் நின்றுபோன வண்டி. எந்தக் கணக்குப் போட்டாலும் அது இந்த வாசலுக்குள் நுழையாது. ஊட்டியில் நின்ற வண்டி, சுங்கத் துறை ஏற்கும் கார்னே என்ற உறுதிப் பத்திரத்தின் பேரில் தற்காலிகமாக உள்ளே வந்திருக்கும். குறித்த காலத்துக்குள் அது நாட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும்.

சட்டம் இடம் கொடுத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

4 மார்ச் 2024

லெஸ்டரில் வேலையில் இருந்தபோது 2008இல் நான் வாங்கியது 1996ஆம் ஆண்டு பாங்கோ. 2.5 லிட்டர் டர்போ டீசல், தானியங்கி கியர், எட்டு இருக்கை. வாங்கும்போது மீட்டரில் 94,400 மைல் காட்டியது. இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியவர்கள், வார இறுதியில் எங்காவது போய்ச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து அந்தப் பணத்தில் வேறு வண்டி கிடைக்கவில்லை. பின் இருக்கைகளை மடக்கினால் கீழே இருவர் படுக்கலாம். கூரையை உயர்த்தினால் மேலே இருவர். எட்டு ஆண்டுகள் அந்த வண்டி எங்களுக்கு இரண்டாவது வீடாக இருந்தது. அதன் மீது எனக்கு இன்றும் குறையாத பிரியம் உண்டு.

ஆனால் ஜப்பானுக்குள் ஓடுவதற்காகச் செய்த வண்டியை வேறு நாட்டில் வைத்திருப்பது தனி உழைப்பு என்பது போகப் போகத்தான் புரிந்தது. அங்கே புதிய காருக்கு முதல் தகுதிச் சோதனை 3 ஆண்டில் வரும். பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. செலவு கூடும்போது பலர் வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள், அது ஏலத்துக்கு வருகிறது, அங்கிருந்து கப்பலேறுகிறது. மலிவுக்குக் காரணம் இதுதான். இங்கிலாந்தில் இறங்கியதும் பின்புற மூடுபனி விளக்கு பொருத்த வேண்டும். கிலோமீட்டர் மானியை மைலுக்கு மாற்ற வேண்டும். வானொலி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே எடுக்கும் என்பதால் பெரும்பாலான நிலையங்கள் கிடைக்காது. கையேடும் கதவோரத்து எச்சரிக்கை ஒட்டிகளும் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள்.

பெரிய தொல்லை உதிரி பாகம். ஜப்பான் உள்நாட்டு வண்டிகளுக்கு 17 எழுத்து கொண்ட சேசிஸ் (அடிச்சட்ட) எண் கிடையாது. குறுகிய எண் ஒன்றே இருக்கும். கடைக்காரரின் கணினியில் அதை அடித்தால் எதுவும் வராது. என் எஞ்சின் அதே நிறுவனத்தின் பிக்கப் வண்டியிலும் அதன் ஃபோர்டு சகோதர வண்டியிலும் இருந்த குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகுதான், பிக்கப்பின் பெயரைச் சொல்லி வாட்டர் பம்ப் கேட்கக் கற்றுக்கொண்டேன். பழைய பாகத்தைக் கையில் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை.

7 மார்ச் 2024

பெருந்துறைத் தம்பி, "எஞ்சின் சூடாகும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மையா?" என்று கேட்டிருக்கிறார். இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

இந்த வண்டியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. ரேடியேட்டர் வண்டியின் மூக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் நீண்ட குழாய்கள் வழியாக வண்டியின் அடிவயிற்றில் போய்வருகிறது. பின்பக்க ஹீட்டருக்குத் தனியே இரும்புக் குழாய்கள் பின்னோக்கிப் போகின்றன. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில் இந்தக் குழாய்கள் வெளியிலிருந்து அரிக்கப்படும். கூலன்ட் மாற்றாமல் விட்டால் உள்ளிருந்தும் அரிக்கப்படும். கூலன்ட் தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. வயதானால் மஞ்சளித்து, பிறகு பழுப்பேறி, ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விடும்.

அதைவிட முக்கியமானது வெப்பமானி. முள் பாதிக்குச் சற்றுக் கீழே போய் நின்றுவிடும். கூலன்ட் அளவாகச் சூடாக இருந்தாலும் கொஞ்சம் மிஞ்சிச் சூடானாலும் அதே இடத்தில் நிற்கும். முள் நகர்வதைக் கண்ணால் பார்க்கும் நேரத்தில் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் பாதி போயிருக்கும். அதனால்தான் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் தொட்டிக்குள் ஒரு சிறு உணர்கம்பி இறக்கி, மட்டம் குறைந்தவுடன் கூவும் அலாரம் பொருத்திக்கொள்கிறார்கள். ஹெட் மாற்றும் செலவோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

கூலன்ட் ஊற்றுவதும் ஒரு கலை. மேலே ஊற்றி மூடிவிட்டால் எஞ்சின் பக்கத்தில் காற்று அடைத்துக்கொள்ளும். எஞ்சினருகே இதற்கென்றே ஒரு சிறு ஹோஸ் இருக்கிறது. அதன் அடைப்பை எடுத்து, உயரத் தூக்கிப் பிடித்து, குமிழி வருவது முற்றிலும் நிற்கும்வரை பொறுமையாக ஊற்ற வேண்டும். முதன்முறை எனக்கு ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. அவசரப்பட்ட மெக்கானிக் ஒருவர் இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுத்த வண்டி, மூன்றாவது நாளே ஹீட்டரில் குளிர்ந்த காற்றை ஊதியது. கூலன்ட் ஓட்டத்தில் காற்று நிற்கிறது என்பதற்கு அது முதல் அடையாளம். அந்த வண்டியில் வேலை செய்கிறவர் அந்த வண்டியை அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

8 மார்ச் 2024

ஒரு சேர்க்கை. "தண்ணீர் ஊற்றினால் போதாதா, கூலன்ட் எதற்கு?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். போதாது. கூலன்ட் உறையாமல் இருப்பதற்கு மட்டும் அன்று. கொதிநிலையை உயர்த்தும், துருவைத் தடுக்கும். நம் பகுதியின் போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது பெரிய தவறு. காங்கயத்திலும் பல்லடத்திலும் சுடுதண்ணீர்க் குண்டானின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழல்களுக்குள்ளும் படியும். சிறுவாணித் தண்ணீரில் உப்புக் குறைவு, உண்மைதான். ஆனாலும் அது குடிப்பதற்கான தண்ணீர். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே கூலன்டுடன் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

12 மார்ச் 2024

இதை எழுதலாமா என்று யோசித்தேன். வண்டியைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பங்கு இந்த ஒரு நாளில் கற்றது என்பதால் எழுதுகிறேன்.

2011 ஜூலையில் மாமனாரும் மாமியாரும் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். எல்லோரும் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு (லேக் டிஸ்ட்ரிக்ட்) புறப்பட்டோம். எம்6 நெடுஞ்சாலை ஷாப் என்னும் ஊரருகே 1,000 அடிக்கு மேல் ஏறுகிறது. நீண்ட, ஓயாத ஏற்றம். மாமனார் முன் இருக்கையில் இருந்தார். மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாக, "மாப்பிள்ளைங்க, பாகு காச்சற வாசம் அடிக்குதுங்களே" என்றார். நான் வெப்பமானியைப் பார்த்தேன். முள் வழக்கமான இடத்தில் நின்றது. ஒன்றும் இல்லை என்றேன். அரை நிமிடம் கழித்து அவர் மறுபடியும், இம்முறை சற்று அழுத்தமாக, "கவுந்தப்பாடி வெல்லக் கொப்பரை வாசமேதானுங்க. ஓரங்கட்டுங்க" என்றார்.

கூலன்ட் இனிப்பு வாசம் கொண்டது. சூட்டில் கசிந்து ஆவியாகும்போது வெல்லப்பாகு வாசம் வரும். வண்டியை ஓரங்கட்டி முன்மூடியைத் திறந்தபோது தொட்டியின் ஓரத்தில் விரிசல்; உள்ளே கால்பங்குகூட மிச்சமில்லை. இன்னும் இரண்டு மைல் ஓட்டியிருந்தால் ஹெட் விரிசல் விட்டிருக்கும்.

அவர் நாற்பது ஆண்டு கிணற்றுமேட்டில் ஆயில் எஞ்சின் ஓட்டியவர். அந்த எஞ்சினை இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கே சுற்றிவந்து குளிர்விக்கும். சுற்றி வெளியே விழும் தண்ணீரில் கை வைத்துப் பார்த்துத்தான் எஞ்சின் நிலையைச் சொல்வார்கள். அன்றும் அவர் எஞ்சின் ஆறியபின் ஒவ்வொரு ஹோஸையும் விரலால் அழுத்திப் பார்த்து, எது விறைத்துவிட்டது, எது ஊறிப்போய்விட்டது என்று எனக்குச் சொன்னார். தொட்டி பழுப்பேறியிருந்ததை நான் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கோடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டது நான் செய்த தவறு. அலாரம் பொருத்தியது அதற்குப் பிந்தைய வாரத்தில்தான். இன்றும் குழந்தைகள் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது ஏரியைச் சொல்வதில்லை. அப்புச்சி வண்டியைக் காப்பாற்றிய கதையைத்தான் சொல்கிறார்கள்.

16 மார்ச் 2024

4ஆம் தேதிக் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது, திருத்தியாக வேண்டும். வாங்கும்போது வண்டி 94,400 மைல் ஓடியிருந்தது போல எழுதிவிட்டேன். மீட்டர் அந்த எண்ணைக் காட்டியது உண்மை. ஆனால் அது முழுவதும் மைல் அன்று.

பழைய கோப்பை நேற்று எடுத்துப் பார்த்தேன். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழில் 86,400 கி.மீ. என்று இருக்கிறது. இங்கிலாந்தில் இறங்கியபோது மீட்டருக்குள் ஒரு சிறு சில்லு வைத்து மைலாக எண்ணும்படி மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அதுவரை ஓடிய எண் அப்படியே நின்றது. ஆக, முதல் 86,400 கிலோமீட்டர், அதற்கு மேல் ஓடிய 8,000 மட்டுமே மைல். உண்மையில் வண்டி ஓடியிருந்தது ஏறத்தாழ 99,300 கி.மீ.

வண்டி குறைவாக ஓடியிருக்கிறது என்று மகிழ வேண்டிய செய்தி அன்று இது. இந்த எஞ்சினுக்கு, வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். 94,400 மைல் என்றால் 1.5 லட்சம் கிலோமீட்டர். ஆகவே ஜப்பானிலேயே ஒருமுறை மாற்றியிருப்பார்கள் என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். ஜப்பானில் பெல்ட் மாற்றினால் தேதியும் கிலோமீட்டரும் எழுதி எஞ்சின் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். என் வண்டியில் அந்த ஒட்டி இல்லை. இல்லை என்பதன் பொருள் எனக்கு அப்போது தெரியவில்லை. அடுத்த ஆண்டு வேறு வேலைக்காகத் திறந்தபோது உள்ளே இருந்தது தொழிற்சாலையில் போட்ட அதே பெல்ட். அது அறுந்திருந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து எஞ்சினே போயிருக்கும். அதே பெல்ட்டோடுதான் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு ஆண்டு முழுவதும் ஓட்டியிருக்கிறேன்.

இறக்குமதி வண்டியில் மீட்டரை நம்பாதீர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். மோசடி செய்தவர் யாரும் இல்லாமலேயே எண் பொய்யாகலாம் என்பதற்கு இது சான்று.

24 மார்ச் 2024

கோவை வாசகர் ஒருவர் வேறு கோணத்தில் கேட்கிறார். கரூரில் பேருந்துக் கூண்டு கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரிக்குக் கட்டுகிறார்கள். இங்கேயே ஒரு பழைய வேனை வாங்கி, கூரையை அறுத்து, பாங்கோவைப் போல உயரும் கூரை வைத்துக்கொண்டால் என்ன?

கைத்திறனைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. அறுக்கவும் வளைக்கவும் பற்றவைக்கவும் நம் பட்டறைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதி செய்தது. கூரையை அறுத்த வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீடு கேள்விக்குறியாகிவிடும். முறையாகச் செய்ய வேண்டுமானால், தங்கும் வசதியுள்ள வண்டிகளான மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்றுக் கட்டுபவரிடம் புதிய சேசிஸில் கட்டிக்கொள்ள வேண்டும். பணம் அதிகம், ஆனால் பதிவுச் சான்றில் உள்ளதும் சாலையில் ஓடுவதும் ஒன்றாக இருக்கும்.

கூரையைத் தொடாமல், கழற்றி எடுக்கக்கூடிய பலகைப் படுக்கையும் அடுப்புப் பெட்டியும் வைத்துக்கொண்டு ஆழியாறு வரை போய்வருபவர்களை நான் அறிவேன். அடுப்பைக் கதவு திறந்த நிலையில், முடிந்தால் வண்டிக்கு வெளியே வைத்துப் பற்றவையுங்கள். மூடிய வேனுக்குள் எரியும் அடுப்பு உயிருக்கு ஆபத்து.

2 ஏப்ரல் 2024

"அப்படியானால் ஜப்பானிலிருந்து முழு வண்டியாக வரும் புதிய டொயோட்டா வெல்ஃபயர் வேன்?" என்ற கேள்விக்குச் சுருக்கமாக. 2020 பிப்ரவரியில் அது இங்கே வந்தபோது ஷோரூம் விலை 79.5 லட்சம், 2023இல் வந்த புதிய மாடல் சுமார் 1.2 கோடியில் தொடங்கியது. நிறுவனமே கொண்டுவருவதால் உதிரி பாகமும் பயிற்சி பெற்ற கைகளும் உண்டு. நான் மேலே சொன்ன அலைச்சல் இல்லை. அந்தப் பணம் இருப்பவர்களுக்கு என் அறிவுரை தேவைப்படாது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 2022 ஏப்ரலில், 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய், அதே கார் இறக்குமதியாக இருந்தால் 40,000 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள்.

திருப்பூர், அவிநாசிப் பக்கம் வெல்ஃபயர் போல எரிபொருளும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் எந்தக் கலப்பின (ஹைபிரிட்) வண்டி வைத்திருப்பவரும் கவனிக்க வேண்டியது பஞ்சுத் தூசி. இருக்கையருகே பேட்டரிக்குக் காற்று இழுக்கும் சல்லடை இருக்கும். பனியன் கம்பெனி வளாகத்தில் நிற்கும் வண்டியில் அது விரைவில் மெத்தைபோல அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டரின் இதழ்களிலும் ஏ.சி. கண்டென்சரிலும் இதே கதைதான். எங்கள் கிடங்கில் நிற்கும் வண்டிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளிருந்து வெளியே தள்ளும்படி மெல்லிய அழுத்தத்தில் காற்றடிக்கிறோம். அழுத்தம் மிஞ்சினால் இதழ்கள் மடங்கிவிடும்.

14 ஏப்ரல் 2024

சித்திரை முதல் நாள். காலையில் வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைத்தபோது முதல் குறிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்தது சரியில்லை. தம்பி கேட்டது ஒரு மாடலின் பெயரைச் சொல்லித்தான். ஆனால் அவருடைய தேவை எட்டுப் பேர் ஒன்றாகப் போகும் வண்டி, மலை ஏறும் வண்டி, தானே கவனித்துக்கொள்ளக்கூடிய வண்டி. அதற்கு நம்மிடம் விடை இருக்கிறது. எங்கள் வாசலிலேயே நிற்கிறது.

அப்பா 2003இல் வாங்கிய குவாலிஸ் அது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வந்து, 2005இல் இன்னோவாவுக்கு வழிவிட்டு நின்றுபோன வண்டி. இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஓடிய டொயோட்டாவின் வழித்தோன்றல்; பெங்களூரு அருகே பிடதியில் செய்தார்கள். 2,446 சி.சி. டீசல், டர்போ கிடையாது. எஞ்சின் முன்மூடிக்குக் கீழே, ரேடியேட்டர் அதற்கு நேர் முன்னால். பாங்கோவில் எட்டு ஆண்டுகள் இருக்கையைத் தூக்கித் தூக்கி வேலை பார்த்த எனக்கு, மூடியைத் திறந்ததும் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே பெரிய நிம்மதியாக இருக்கிறது. பின்புறம் பட்டை ஸ்பிரிங். எட்டுப் பேரும் அரிசி மூட்டையுமாகத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும், வால்பாறையின் 40 வளைவுகளையும் இந்த எஞ்சின் ஏறியிருக்கிறது. மெதுவாக, புகை விட்டுக்கொண்டு, ஆனால் சூடாகாமல். வேகம் வேண்டுபவருக்கு இது பொருந்தாது. காற்றுப்பையும் (ஏர்பேக்) கிடையாது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது.

இதற்கும் டைமிங் பெல்ட் உண்டு, இதற்கும் கூலன்ட் உண்டு. ஆனால் ஈரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் ஹோஸ் கிடைக்கும். கிடைக்காத புஷ்ஷை லேத் பட்டறையில் மாதிரி கொடுத்தால் மாலைக்குள் கடைந்து கொடுப்பார்கள். இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். 2018இல் பதிவைப் புதுப்பித்தோம், 2023இல் மறுபடியும். பாங்கோவை விற்றுவிட்டு 2016இல் திரும்பியபோது, அந்தப் பிரிவை எனக்கு ஈடுகட்டியது இந்த வண்டிதான்.

20 ஏப்ரல் 2024

காங்கயத்தில் 2004ஆம் ஆண்டுக் குவாலிஸ் ஒன்று விலைக்கு இருப்பதாகவும், நாளை காலை பார்க்கப் போவதாகவும் தம்பி எழுதியிருக்கிறார். நானும் வருகிறேன். வண்டிக்காரரிடம் இன்றே பேசி, நாம் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்: உள்ளே பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம், துருநிறத் தண்ணீராக இருந்தால், அல்லது மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால், விலை பேசாமலே திரும்பிவிடலாம். முதல் இயக்கத்தில், எஞ்சினைக் கிளப்பும் முன் சூடேற்றும் க்ளோ பிளக்கின் விளக்கு எத்தனை நொடி எரிகிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது என்பதையும் அப்போதுதான் பார்க்க முடியும். சூடாக்கி வைத்த வண்டி எதையும் சொல்லாது. பெல்ட் மாற்றிய ரசீது இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, அந்தச் செலவை விலையில் கழிப்போம். மாமனாரும் கோபியிலிருந்து வந்திருக்கிறார். அவரையும் அழைத்து வருகிறேன்.